பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளை நகர்த்த நாமே செய்துகொள்ளும் டிராலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் மரவேலைப் பட்டறை நடத்துகிறேன். பட்டறையில் நிற்கும் இரண்டு டிராலிகளும் நாங்களே செய்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு ஆசாரிகள், இன்டீரியர் வேலை எடுப்பவர்கள், பெயர்ப்பலகை செய்பவர்கள், சொந்த வீட்டுக்கு அலமாரி அடிக்க நினைப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், அவற்றை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன். '8க்கு 4' என்று வரும் இடங்களில் எல்லாம் 2,440க்கு 1,220 மில்லிமீட்டர் முழுப் பலகையைக் குறிக்கிறேன்.

1. ரெண்டு ஆள் தூக்கினா முடிஞ்சுபோற வேலை. இதுக்கு எதுக்குண்ணே டிராலி?

இரண்டு ஆள் எப்போதும் கிடைத்தால் டிராலி தேவையில்லை என்பது சரிதான். ஆனால் குட்டி யானை எனப்படும் சிறிய சரக்கு வண்டிக்காரர் தெருமுனையில் சரக்கை இறக்கிவிட்டுப் போன பிறகு, பட்டறையில் ஒரே ஒருவர் இருக்கும் நாள்கள்தான் அதிகம். நாலடி அகலப் பலகையின் கீழ் விளிம்பை ஒரு கையாலும் மேல் விளிம்பை மறுகையாலும் பிடித்துத் தூக்கினால், இடுப்பை ஒரு பக்கம் வளைத்தபடியே நடக்க வேண்டும். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பதும் தெரியாது.

தூக்க முடியாதவர்கள் பலகையை நிறுத்தி, ஒரு மூலையை ஊன்றி, மறுமூலையை முன்னே வைத்து 'நடத்தி'க் கொண்டுபோவார்கள். சிமென்ட் தரையில் அப்படிப் பத்தடி நகர்த்தினாலே மூலையின் அடுக்குகள் பிரிந்துவிடும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். என்றால் மூலை மாவாக உதிரும். முழுப் பலகைக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஓரத்தில் இரண்டு இஞ்ச் வெட்டி எறிகிற செலவைக் கணக்குப் பார்த்தால் டிராலி அதிகச் செலவில்லை.

2. ஒரு ஷீட்டு எவ்ளோ எடை இருக்கும்? கடைக்காரர் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

மரத்தின் இனம், பசை, ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 8க்கு 4 அளவில் 18 மி.மீ. பிளைவுட் ஏறத்தாழ 32 முதல் 40 கிலோ, 12 மி.மீ. 22 முதல் 27 கிலோ, 18 மி.மீ. எம்.டி.எஃப். சுமார் 40 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் கணக்குகளில் எல்லாம் ஒரு பலகைக்கு 40 கிலோ என்றே எடுத்திருக்கிறேன்.

மற்றவற்றுக்குச் சூத்திரமே உண்டு. கண்ணாடி, ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. இரும்புத் தகடு அதே கணக்கில் 7.85 கிலோ. ஆகவே 2 மி.மீ. இரும்புத் தகடு ஒரு முழு ஷீட்டு 47 கிலோ வரும், 12 மி.மீ. கண்ணாடி அதே அளவில் 89 கிலோ வரும்.

3. எந்த மாதிரி டிராலி செய்யலாம்? ஒண்ணு போதுமா?

நடுவில் ஒரே அச்சும் இரண்டு சக்கரமும் கொண்ட சிறிய டிராலி ஒரு வகை. அதன் பள்ளத்தில் பலகையை நீளவாட்டில் செங்குத்தாக நிறுத்தி, பின்முனையைக் கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகலாம். ஒன்றோ இரண்டோ பலகைதான் ஏறும். ஆனால் தெரு, சந்து, வாசல்படி என்று எங்கும் போகும், சுவரில் மாட்டி வைத்துவிடலாம். மற்றொன்று, நான்கு கேஸ்டர் சக்கரங்களின் (தகட்டில் பொருத்தி வரும் சிறு சக்கரங்கள்) மேல் நிற்கும் ஏ வடிவச் சட்டம். இரண்டு பக்கமும் பலகைகளைச் சாய்த்து அடுக்கலாம். இது பட்டறையின் வழவழப்பான தரைக்கு மட்டுமே உரியது.

ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இரட்டைச் சக்கர டிராலியைச் செய்யுங்கள். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டைப் பக்கமெல்லாம் வண்டி நிற்கும் இடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவில் எப்படியும் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்துக்கு ஏ வடிவ டிராலி ஆகாது.

4. அப்ப சைடன்ஹாம்ஸ் ரோட்ல வாங்கி, பெரம்பூர் வரைக்கும் டிராலியிலேயே தள்ளிட்டு வந்துடலாமா?

வேண்டாம். அந்தத் தூரத்துக்குக் குட்டி யானையோ மீன்பாடி வண்டியோதான் சரி. டிராலி, வண்டி நின்ற இடத்திலிருந்து அறைக்குள் கொண்டுபோகும் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே.

5. ரெண்டு சக்கர டிராலியை எப்படிச் செய்யறது? அளவோட சொல்லுங்க.

18 மி.மீ. பிளைவுட்டில், வேலை முடிந்து மிஞ்சிய துண்டே போதும், 14 இஞ்ச் நீளமும் 10 இஞ்ச் உயரமும் கொண்ட இரண்டு பக்கப் பலகைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள துண்டாக இருந்தால் மழைக்குத் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் 40 மி.மீ. அகலமும் அதே 14 இஞ்ச் நீளமும் உள்ள கெட்டி மரக் கட்டையை அடித்தளமாக வைத்து, பசை தடவி, இரு பக்கமிருந்தும் திருகாணி அடித்து இறுக்குங்கள். 40 மி.மீ. என்பது இரண்டு 18 மி.மீ. பலகைகள் உராயாமல் நுழைவதற்கான அளவு. பக்கப் பலகைகளின் உள்பக்க மேல் விளிம்பைச் சாய்வாகச் சீவிவிட்டால், பலகையை மேலிருந்து இறக்கும்போது தானாக உள்ளே வழுக்கி இறங்கும்.

அச்சுக்கு 16 மி.மீ.க்குக் குறையாத எம்.எஸ். ராடு (மைல்டு ஸ்டீல் கம்பி) வேண்டும், 20 மி.மீ. போட்டால் நிம்மதி. அடித்தளக் கட்டைக்கு ஒட்டிக் கீழே, இரண்டு பக்கப் பலகைகளையும் ஊடுருவி அது போக வேண்டும். பிளைவுட்டில் வெறும் துளை போட்டு ராடைச் செருகினால், சில மாதங்களில் துளை நீள்வட்டமாகப் பெருத்து, சக்கரம் ஆட ஆரம்பிக்கும். எனவே ஒவ்வொரு பக்கத்திலும் 5 மி.மீ. தடிமனில் உள்ளங்கையளவு இரும்புத் தகடு ஒன்றைத் துளையிட்டு, நாலு போல்ட்டில் பிடித்துவிட்டு, ராடு அந்தத் தகட்டில் உட்காரும்படி செய்யுங்கள். வெல்டிங் பட்டறையில் கேட்டால் துளையோடு வெட்டிக் கொடுப்பார்கள். பக்கப் பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பைப் துண்டு, சக்கரத்துக்கு இருபுறமும் வாஷர், ராடின் முனையில் ஸ்பிளிட் பின். இவ்வளவுதான்.

பள்ளத்தின் உட்புறத்தில் பழைய கார்ப்பெட்டையோ ரப்பர் ஷீட்டையோ ஒட்டுங்கள். ஒரே ஒரு பலகையை ஏற்றும்போது பள்ளத்தில் மிஞ்சும் இடைவெளிக்கு ஓர் ஆப்பு தேவை. மர ஆப்பை ஒரு சணல் கயிற்றில் கட்டி டிராலியிலேயே தொங்கவிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் அது அடுப்புக்குப் போயிருக்கும்.

6. நாலு இஞ்ச் வீல் வீட்ல சும்மா கெடக்குது. அதையே போட்டா என்ன?

டைல்ஸ் தரையில் மட்டும் ஓடுவதானால் போடலாம். தெருவில் இறங்கினால் அது உங்களைப் பழிவாங்கும். அரை இஞ்ச் உயரமுள்ள ஒரு நிலைப்படியையோ வடிகால் மூடியின் விளிம்பையோ எடுத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து அதன் மேல் ஏற, 40 கிலோ சுமையோடு நாலு இஞ்ச் சக்கரத்தை ஏறத்தாழ 35 கிலோ விசையில் இழுக்க வேண்டும். எட்டு இஞ்ச் சக்கரத்துக்கு 22 கிலோ விசை போதும். தடையின் உயரம் சக்கரத்தின் ஆரத்தோடு ஒப்பிடும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக ஏறும்.

வடசென்னைத் தெருக்களுக்கு எட்டு இஞ்ச் சிறந்தது, ஆறு இஞ்ச் பரவாயில்லை. மழைநீர் வடிகால் மேல் போட்ட சிமென்ட் பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் நாலு இஞ்ச் சக்கரம் முழுதாக இறங்கி நின்றுவிடும். நீங்கள் தள்ளிக்கொண்டிருக்கும் பலகை மட்டும் முன்னே போகும்.

7. நைலான், ரப்பர், பி.யு.ன்னு மூணு காட்டறாங்க. எது எடுக்கறது?

தெருவுக்கு ரப்பர், பட்டறைக்குள் பி.யு. எனப்படும் பாலியூரிதேன். நைலான் சக்கரம் நிறைய எடை தாங்கும், லேசாக உருளும், ஆனால் கரடுமுரடான சாலையில் ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே பலகைக்குக் கொடுக்கும். வார்ப்பிரும்புச் சக்கரம் வாடிக்கையாளர் வீட்டு டைல்ஸைக் கீறிவிடும் என்பதால் அதை நான் சொல்லவே மாட்டேன். ரப்பருக்கு ஒரு குறை உண்டு. சுமையோடு நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தினால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். இரட்டைச் சக்கர டிராலியில் யாரும் சுமையை விட்டுவைக்கப் போவதில்லை, அதனால் அங்கே இந்தக் குறை பெரிதில்லை.

8. காயலான் கடையில பழைய வீல் கெடைக்குது. அது ஆகாதா?

தாராளமாக ஆகும், பார்த்து எடுத்தால். அச்சில் ஒரு கம்பியை நுழைத்துச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். விரலுக்குத் தெரிகிற அளவு ஆடினால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு வேகமாகச் சுழற்றிக் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் கிரீஸ் வைத்தும் பயனில்லை. ரப்பரை நகத்தால் அழுத்தினால் வெடிப்பு விரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு சக்கரமும் ஒரே விட்டமாக இருப்பது முக்கியம், ஏனென்றால் விட்டத்தில் அரை இஞ்ச் வேறுபாடு இருந்தாலும் பலகை பிறவியிலேயே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

9. எங்க சந்து ரொம்பக் குறுகல். ரெண்டு வீலையும் இன்னும் கிட்ட வெச்சுடலாமா?

கூடாது. பலகையின் எடை ஒரு பிரச்சினையே இல்லை, இரண்டு சக்கரமும் அதைச் சுலபமாகத் தாங்கும். பலகை பக்கவாட்டில் சாய்வதுதான் பிரச்சினை. நாலடி உயரத்தில் நிற்கும் பலகையின் எடைமையம், டிராலியின் உயரத்தையும் சேர்த்துத் தரையிலிருந்து 73 செ.மீ. அளவில் இருக்கும். சக்கரங்களுக்கு இடையே 30 செ.மீ. இருந்தால், வண்டி 11 பாகைக்குச் சற்று மேல் சாயும் வரை கவிழாது. 20 செ.மீ. ஆகக் குறைத்தால் 8 பாகைக்குள்ளேயே கவிழ்ந்துவிடும்.

சாலையில் இரண்டு இஞ்ச் ஆழக் குழி என்பது நமக்குக் குழியே அல்ல. 30 செ.மீ. இடைவெளி உள்ள டிராலியின் ஒரு சக்கரம் அதில் இறங்கினாலே வண்டி ஒன்பதரைப் பாகை சாய்ந்துவிடும்; எல்லைக்குக் கொஞ்சம்தான் மிச்சம். 20 செ.மீ. டிராலி அதே குழியில் பலகையோடு விழுந்துவிடும். ஆகவே 30 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள். சந்துக்காக என்ன செய்வது என்பதை 14ஆம் கேள்வியில் பாருங்கள்.

10. பலகையை டிராலியில எங்க உட்கார வைக்கணும்? சரியா நடுவுலயா?

சரியாக நடுவில் வைத்தால் பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகை போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். பலகையின் நடுக்கோட்டிலிருந்து நாலு இஞ்ச் முன்னால், அதாவது 10 செ.மீ. அளவில் அச்சு வரும்படி வையுங்கள். அப்போது பின்பக்கம் சற்றுக் கனமாகி, பின்முனையைப் பிடித்திருக்கும் கையில் மூன்று கிலோ அளவு எடை நிலையாகத் தெரியும். அந்தச் சிறு எடை கையில் இருக்கும்வரை, முன்னே என்ன நடக்கிறது என்பது கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஏற்றும் முறையும் சுலபம்தான். பலகையைச் சுவரில் சாய்த்து நீளவாட்டில் நிறுத்தி, ஒரு முனையை மட்டும் ஓர் அடி தூக்கி, காலால் டிராலியை அடியில் தள்ளுங்கள். நடுவுக்கு வந்ததும் முனையைத் தாழ்த்தினால் மறுமுனை தானாக எழும். முழு எடையையும் தூக்க வேண்டிய நேரமே வராது.

11. ஆறு எம்.எம். பிளை, மைக்கா எல்லாம் இதுல நிக்குமா?

தனியாக நிற்காது. 14 இஞ்ச் நீளப் பள்ளம் எட்டடிப் பலகையின் நடுப்பகுதியை மட்டுமே பிடிக்கிறது, 6 மி.மீ. பலகையின் இரண்டு முனைகளும் துவண்டு ஆடும். 12 மி.மீ.க்குக் குறைந்த எதையும் ஒரு தடித்த பலகையோடு சேர்த்து வைத்து, இரு முனையிலும் கயிற்றால் கட்டி ஏற்றுங்கள். 1 மி.மீ. மைக்காவுக்கு டிராலியே தேவையில்லை. கடைக்காரர் சுருட்டிக் கட்டிக் கொடுப்பதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஜிப்சம் போர்டு வேறு கதை. அதன் விளிம்பு தன் எடையையே குறுகிய இடத்தில் தாங்காமல் நசுங்கும். பள்ளத்தின் அடியில் மூன்றடி நீளத்துக்கு ஒரு ரீப்பரை (ஒல்லியான மரச் சட்டம்) தற்காலிகமாக வைத்து, அதன் மேல் நிறுத்துவதே நல்லது.

12. ஏ மாதிரி டிராலிக்கு அளவு சொல்லுங்க. ஒரே பக்கமா அடுக்கினா சாயாதா?

அடித்தளம் நாலடி நீளம், இரண்டடி அகலம். நடுவில் எழும் சட்டம் மூன்றடி உயரம், செங்குத்திலிருந்து 12 பாகை உள்நோக்கிச் சாய்வு. இந்த அளவில் இரு பக்கமும் மூன்று இஞ்ச் அகலத் தட்டு கிடைக்கும், பக்கத்துக்கு மூன்று 18 மி.மீ. பலகைகள் வசதியாக நிற்கும். தட்டின் வெளிவிளிம்பில் அரை இஞ்ச் உயரத்துக்கு ஒரு ரீப்பர் அடித்துவிட்டால் பலகையின் அடி வழுக்கி வெளியேறாது. சாய்வைக் குறைத்து இடத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். 5 பாகைச் சாய்வில் நிற்கும் பலகையை ஒரு சின்ன இடி கூட வெளியே தள்ளிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் மூன்று பலகை இருந்தாலும் இந்த டிராலி சமதரையில் கவிழாது. ஆனால் கவிழும் எல்லை பத்துப் பாகை அளவுக்கு இறங்கிவிடும். இரு பக்கமும் சமமாக இருந்தால் அது 19 பாகை. எனவே இடது, வலது என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள். இறக்கும்போது இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கைக்கு எட்டும் பக்கத்தையே காலி செய்துகொண்டு போவார்கள்.

13. ஒவ்வொரு கேஸ்டர்லயும் 75 கிலோன்னு போட்டிருக்கு. நாலு போட்டா 300 கிலோ தானே?

காகிதத்தில் அப்படித்தான். தரை எங்கும் முழுச் சமமாக இருப்பதில்லை என்பதால், நாலு சக்கரத்தில் ஒன்று எந்நேரமும் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கும். எடை மூன்றின் மேல்தான். ஆறு பலகை 240 கிலோ, டிராலி 30 கிலோ என்றால் மொத்தம் 270. அதை மூன்றால் வகுத்தால் சக்கரத்துக்கு 90 கிலோ வருகிறது. 75 கிலோ சக்கரம் இங்கே போதாது; 100 கிலோவுக்கு மேல் தாங்குவதாக, ஐந்து இஞ்ச் விட்டத்தில் எடுங்கள்.

கேஸ்டரை மரத் திருகாணியால் அடிக்காதீர்கள், அது நாளடைவில் பிடுங்கிக்கொள்ளும். நாலு துளையிலும் போல்ட்டு போட்டு, பெரிய வாஷர் வைத்து, நைலான் வளையமுள்ள லாக் நட்டால் இறுக்க வேண்டும். தள்ளும் பக்கத்தில் இரண்டு திரும்பும் சக்கரம், முன்பக்கத்தில் இரண்டு திரும்பாத சக்கரம் என்பதே நேர்கோட்டில் ஓடும். நாலும் திரும்பினால் குறுகிய பட்டறையில் பக்கவாட்டில் ஒதுக்கலாம், ஆனால் நீளமாகத் தள்ளும்போது எருமை மாதிரி தன் இஷ்டத்துக்குப் போகும். திரும்பும் இரண்டிலும் பிரேக் இருக்கட்டும்.

14. எங்க சந்து மூணடிதான். முனையில எட்டடிப் பலகை திரும்புமா?

பலகை திரும்பும், டிராலி திரும்பாது. மூன்றடிச் சந்தும் மூன்றடிச் சந்தும் செங்கோணத்தில் சேரும் முனையில், பலகை 45 பாகையில் குறுக்காக நிற்கும் நொடியில், அதன் நடுப்பகுதிக்கும் உள்முனைச் சுவருக்கும் நடுவில் மூன்று இஞ்ச் இடைவெளிதான் மிஞ்சும். அந்த நடுப்பகுதியில்தான் உங்கள் டிராலி இருக்கிறது, அதன் சக்கரமும் ராடு முனையும் பலகையிலிருந்து ஏழு இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாலு இஞ்ச் இடிக்கும். சந்து மூன்றரை அடியாக இருந்தால் அந்த இடைவெளி பதினோரு இஞ்ச் ஆகிவிடும், டிராலியோடே திரும்பலாம்.

மூன்றடிச் சந்துக்கு வழி எளிது. முனைக்கு வந்ததும் பலகையை டிராலியிலிருந்து இறக்கி, நாலடி விளிம்பு தரையில் படும்படி நெட்டுக்குத்தாக நிமிர்த்தித் திருப்பி, மறுபடி படுக்கவைத்து ஏற்றுங்கள். மேலே மின்கம்பியோ கேபிள் ஒயரோ தாழ்வாகத் தொங்குகிறதா என்று நிமிர்த்துவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இரும்புத் தகடு என்றால் கம்பி இருக்கும் இடத்தில் நிமிர்த்தவே கூடாது. மூலைகளுக்கு அடியில் ஒரு சாக்கை மடித்துப் போடுவதும் நல்லது.

15. திருவொற்றியூர் ஹைரோட்ல காத்து தள்ளுது சார். ரெண்டு பலகைய ஒண்ணா ஏத்தினா இன்னும் மோசம் தானே?

கேட்பதற்கு அப்படித் தோன்றினாலும் உண்மை நேர்மாறானது. 9ஆம் கேள்வியில் சொன்ன 30 செ.மீ. டிராலியில் நிற்கும் ஒற்றைப் பலகையை, யாரும் பிடிக்காத நிலையில், நடுவில் எட்டுக் கிலோ விசையால் பக்கவாட்டில் தள்ளினால் கவிழ்ந்துவிடும். பலகையின் பரப்பு ஏறத்தாழ மூன்று சதுர மீட்டர் என்பதால், மணிக்கு 20 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் காற்றே அந்த விசையைக் கொடுத்துவிடுகிறது. இரண்டு பலகைகளைச் சேர்த்து ஏற்றினால் காற்று படும் பரப்பு அதேதான். எடை மட்டும் இரண்டு மடங்கு. கவிழ்க்கத் தேவையான விசையும் இரண்டு மடங்காகிவிடும்.

ஹைரோடு வடக்கு தெற்காக ஓடுகிறது, பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. பலகையின் முழு முகத்திலும் அது அறையும். குறுக்குத் தெருக்களில் அதே காற்று விளிம்பில் பட்டுப் பிரிந்து போகும். முடிந்தவரை காலையில் ஏற்றி இறக்குங்கள். முடியாவிட்டால் காற்று வரும் பக்கத்தில் நின்று, ஒரு கையால் பலகையின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். பலகை சாயக்கூடிய பக்கத்தில் யாரையும் நடக்கவிடாதீர்கள். சாய ஆரம்பித்த பலகையைத் தாங்கிப் பிடிக்கப் போகாமல் விட்டுவிடுவதே நல்லது. உடைந்த பலகையை வாங்கிக்கொள்ளலாம்.

16. வாசல்ல சாய்தளம் இருக்கு. ஏத்திடலாமா?

தெரு உயர உயர வீட்டு வாசலையும் உயர்த்திக் கட்டியிருப்பதால், நம் பகுதிச் சாய்தளங்கள் பெரும்பாலும் செங்குத்தானவை. ஆறடி நீளத்துக்கு ஓர் அடி ஏறும் சாய்தளத்தில், ஒற்றைப் பலகை ஏற்றிய இரட்டைச் சக்கர டிராலிக்கு ஏழு கிலோ விசை போதும், ஒருவர் ஏற்றிவிடலாம். ஆறு பலகை ஏற்றிய ஏ வடிவ டிராலி அதே சாய்தளத்தில் 45 கிலோ விசையோடு திரும்பி உருளப் பார்க்கும். ஒருவரால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அதைச் சாய்தளத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

இறக்கும்போது நீங்கள் எப்போதும் டிராலிக்கு மேட்டுப்பக்கம் நிற்க வேண்டும். சாய்தளத்தில் குறுக்காகவோ வளைந்தோ போகக் கூடாது. பக்கச் சரிவு பத்துப் பாகையை எட்டினால் என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்தோம்.

17. மாடிக்கு எப்படிக் கொண்டுபோறது?

டிராலியைக் கீழேயே விட்டுவிடுங்கள். ஹவுசிங் போர்டுப் படிக்கட்டுகளில் இரண்டு ஆளும் ஒரு கயிறும்தான் வேலை செய்யும். பதினெட்டு அடிக் கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து வளையமாக்கி, வளையத்தின் ஒரு பக்கத்தைப் பலகையின் முன் கீழ்மூலையிலும் மறுபக்கத்தைப் பின் கீழ்மூலையிலும் மாட்டினால், நடுவில் வரும் கயிறு கைப்பிடியாகிவிடும், குனியாமல் தூக்கலாம்.

18. கண்ணாடி, கிரானைட்டெல்லாம் இதுலயே ஏத்தலாமா?

கிரானைட்டை ஏற்றலாம், ஆனால் எடையைப் பார்த்து ஏற்றுங்கள். 18 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு 48 கிலோவுக்கு மேல். சமையல் மேடைக் கல்லை எப்போதும் விளிம்பில்தான் நிறுத்த வேண்டும், படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே முறியும். சிங்க்குக்கு வெட்டிய கல் என்றால், வெட்டுக்கு இருபுறமும் மிஞ்சியிருக்கும் ஒல்லிப் பகுதியில் நீளமாக ஒரு ரீப்பரைக் கட்டிவிட்டு ஏற்றுங்கள்.

கண்ணாடியைத் தெருவில் இந்த டிராலியில் தள்ளாதீர்கள். அதன் விளிம்பு இரும்பிலோ சிமென்டிலோ ஒரு புள்ளியில் இடித்தாலே விரிசல் ஓடிவிடும், சூடேற்றி வலுவாக்கிய டஃபன் கண்ணாடி என்றால் முழுதும் சிதறிவிடும். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி வாங்குகிறவர்கள், கொண்டுவந்து பொருத்துவதையும் கண்ணாடிக்காரரிடமே விட்டுவிடுவதுதான் வழக்கம். அதை மாற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை.

19. காசிமேட்டுப் பக்கம் எல்லாம் துருப்பிடிக்குதே. என்ன பண்றது?

உப்புக்காற்றுக்கு முதலில் பலியாவது ராடும் ஸ்பிளிட் பின்னும்தான். இரும்புப் பாகங்களுக்கு ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும் அடியுங்கள், போல்ட்டு நட்டுகளைத் துத்தநாகப் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். பிளைவுட்டின் வெட்டு விளிம்புகளில்தான் தண்ணீர் ஏறும் என்பதால், முகத்தைவிட விளிம்புக்கு அதிகப் பெயிண்ட் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பு ஒருமுறை சக்கரங்களைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்தால் வருடம் ஓடும்.

20. எடை ஏறினதும் தானா பலகையைக் கவ்விக்கிற டிராலி ஒண்ணு பார்த்தேன். அதையே செஞ்சுடலாமே, ஆப்பு எதுக்கு?

அதன் அமைப்பு அழகானது. 'எல்' வடிவில் இரண்டு பாதிகள், நடுவில் கீல், இரு ஓரத்திலும் சக்கரம். பலகை கீலின் மேல் உட்காரும்போது நடுப்பகுதி கீழே அமுங்கி, நிமிர்ந்து நிற்கும் இரண்டு கைகளும் உள்நோக்கிச் சாய்ந்து பலகையைக் கவ்வும். எடை கூடக் கூடப் பிடியும் இறுகும். வழவழப்பான தரையில் இதற்கு நிகரில்லை.

ஆனால் அந்தப் பிடி முழுக்க முழுக்க எடையை நம்பியது. சக்கரம் ஒரு குழியிலிருந்து துள்ளி எழும் நொடியில் கீலின் மேல் எடை குறைகிறது, கைகள் விரிகின்றன, பலகை எங்கே சாயலாம் என்று பார்க்கிறது. பலகைக்குப் பிடி மிகவும் தேவைப்படும் நொடியும் அதுதான். பெரிய கதவுகளைப் புதிதாகக் கட்டிய அடுக்ககங்களில் மாட்டுகிறவர்கள் அதைச் செய்துகொள்ளட்டும். கொடுங்கையூருக்கும் மூலக்கடைக்கும் போகிற டிராலியில் நான் ஆப்பைத்தான் அடிப்பேன், ஐம்பது அடி தள்ளியதும் நின்று அதை இன்னொரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மேலே போவேன்.